செயின் இல்லாமல் யோசெமிட்டிக்குக் கிளம்பாதீர்கள்

முதல் தடவை குளிர்காலத்தில் கலிபோர்னியாவின் யோசெமிட்டித் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பியபோது நாங்கள் பள்ளத்தாக்கை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 120-ஆம் நெடுஞ்சாலையில், பூங்காவின் பிக் ஓக் ஃப்ளாட் வாசல் நெருங்கும் நேரத்தில் ஒருவர் கை காட்டிக் காரை நிறுத்தினார். “செயின் இருக்கிறதா?” என்று கேட்டார். பனியில் வழுக்காமல் இருக்க டயரில் மாட்டும் சங்கிலியைத்தான் சொன்னார். “இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி,” என்றார் என் கணவர். அந்த மனிதர் முகம் மாறாமல் அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டார். டிக்கியில் இருந்தது இரண்டு பெட்டி, ஒரு கட்டைப்பை, ஒரு டப்பா முறுக்கு. வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓக்டேல் வரை இறங்கி வந்து, பெட்ரோல் பங்க் ஓரமாக நின்று அந்த முறுக்கைத் தின்றோம். வாடகைக்குக் கார் கொடுத்த இடத்தில் “இந்த வண்டிக்குச் செயினே தேவைப்படாது” என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தைப் படித்தால், செயின் மாட்டவே கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

அதற்கப்புறம் நாலு குளிர்காலம் போய் வந்துவிட்டோம். போன ஜனவரியில், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவையும் கூட்டிப் போனோம். அப்பா மேட்டுப்பாளையம் – கோத்தகிரி தடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். இங்கே நான் எழுதுவதில் பாதி அவர் சொன்னது. ஃப்ரீமான்ட், சான் ஹோசே பக்கத்திலிருந்து கிளம்புபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். எங்கிருந்து வந்தாலும் மலை ஏறிய பிறகு விஷயம் ஒன்றுதான்.

முதலில் வழி. கோடையில் எந்தச் சாலையில் போனாலும் சரி. குளிர்காலத்தில் அப்படி இல்லை. கிழக்கே டயோகா கணவாய் வழியாக வரும் சாலை 9,900 அடிக்கு மேல் ஏறுகிறது. நவம்பர் வாக்கில் மூடினால் பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோதான் திறப்பார்கள். டெத் வேலி பார்த்துவிட்டு அப்படியே அந்தப் பக்கமாக உள்ளே நுழையலாம் என்று யாராவது திட்டம் போட்டால் இப்போதே கலைத்துவிடுங்கள். மேற்குப் பக்கம் மூன்று சாலைகள் உண்டு. 120 க்ரேன் ஃப்ளாட்டில் சுமார் 6,200 அடி வரை ஏறிப் பிறகு பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. ஃப்ரெஸ்னோ பக்கமிருந்து வரும் 41-உம் சின்க்வாப்பினில் 6,000 அடியைத் தொடுகிறது. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு இருப்பதோ 4,000 அடியில். அதாவது இந்த இரண்டிலும், பள்ளத்தாக்கில் வெறும் மழை பெய்யும் நாளில்கூட வழியில் பனிக்குள் புகுந்துதான் வரவேண்டும்.

140 அப்படியில்லை. மெர்செட், மாரிபோசா வழியாக வந்து, மெர்செட் ஆற்றை ஒட்டியே வளைந்து வளைந்து ஏறும். பள்ளத்தாக்கின் உயரத்துக்கு மேல் எங்குமே போகாது. வரைபடம் 120-ஐக் காட்டி அரை மணி நேரம் மிச்சம் என்று ஆசை காட்டும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை அதைக் கேட்காதீர்கள், 140-இலேயே போங்கள். பிரைஸ்பர்க் தாண்டியதும் 2006-இல் மலை சரிந்து சாலையை விழுங்கிய இடம் வரும். ஆற்றைக் கடந்து அக்கரை போய், திரும்ப இக்கரைக்கு வரும்படி பாலம் போட்டு விட்டிருந்தார்கள்; நாங்கள் போனபோது ஒரு நேரத்தில் ஒரு திசைதான், சிக்னலில் காத்திருந்தோம். அப்பா ஜன்னலை இறக்கி அந்தச் சரிவை அண்ணாந்து பார்த்துவிட்டு, “நம்மூர்ல இப்பிடிச் சரிஞ்சா ரெண்டு நாளு பஸ்ஸு நிக்கும்,” என்றார்.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவும், கிளம்பும் காலையும் 209-372-0200 என்ற பூங்கா எண்ணை அழைத்து, 1-ஐ இரண்டு தடவை அழுத்துங்கள். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே செயின் வேண்டும் என்று பதிவு செய்த குரல் சொல்லும். மாரிபோசா தாண்டிவிட்டால் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. அதனால் வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செயின். டயரில் மாட்டும் இந்தச் சங்கிலியைப் பற்றித்தான் நம் ஆட்களிடம் பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. அறிவிப்புப் பலகையில் ஆர்-1, ஆர்-2, ஆர்-3 என்று மூன்று நிலைகளைப் போட்டிருப்பார்கள். ஆர்-1 என்றால், பனி டயர் உள்ள சாதாரணக் கார்கள் செயின் மாட்டாமல் போகலாம். ஆர்-2 என்றால், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, நாலிலும் பனி டயர் இருந்தால் மட்டும் மாட்டாமல் போகலாம். ஆர்-3 என்றால் விதிவிலக்கே இல்லை. டயரின் பக்கவாட்டில் ‘எம்+எஸ்’ என்ற எழுத்து இருந்து, வரிப்பள்ளம் 6/32 அங்குலமாவது மிச்சமிருந்தால் அதைப் பனி டயராக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மூன்று நிலையிலும், மாட்டினாலும் மாட்டாவிட்டாலும், செயின் வண்டிக்குள் இருந்தே ஆகவேண்டும். எங்களைத் திருப்பி அனுப்பியது இதற்காகத்தான்.

வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால், செயின் மாட்ட அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொந்தக் கார் என்றால், டயரில் இருக்கும் 215/55ஆர்17 மாதிரியான எண்ணைக் குறித்துக்கொண்டு போய் அதே அளவுக்கான பெட்டியை வாங்குங்கள். கூடவே காரின் கையேட்டையும் ஒரு தடவை புரட்டுங்கள். சில கார்களில் சக்கரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள பாகங்களுக்கும் இடைவெளி குறைவு. தடித்த சங்கிலி உரசும், மெல்லிய கம்பி வகைதான் ஒத்துவரும். மலையடிவாரத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அங்கே விலையும் கூட, உங்கள் அளவு தீர்ந்தும் போயிருக்கும்.

வாங்கியதும் பெட்டியைப் பிரிக்காமல் டிக்கியில் போட்டுவைப்பதுதான் அடுத்த தவறு. வீட்டு வாசலில், வெயிலில், ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். என் கணவருக்கு முதல் சக்கரத்துக்கு நாற்பது நிமிஷம் ஆனது. எதிர் வீட்டுக்காரர் நாயோடு இரண்டு சுற்று நடந்து முடித்துவிட்டார். இரண்டாவதுக்குப் பன்னிரண்டு நிமிஷம். பூங்காவில், விரல் மரத்துப்போன நிலையில், உதவியது அந்தப் பன்னிரண்டு நிமிஷப் பழக்கம்தான்.

எல் போர்ட்டல் என்ற ஊரைத் தாண்டி, செயின் மாட்டுவதற்கென்று சாலையோரம் விட்டிருந்த இடத்தில் அன்று நிறுத்தினோம். கைபிரேக் போட்டோம். அம்மா முன்யோசனையாக எடுத்து வந்திருந்த சோனா மசூரி அரிசிப் பையை விரித்து, அதன் மேல் அப்பா மண்டியிட்டார். கம்பளிக் கையுறைக்கு மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. கம்பளி நனைந்தால் முடிந்தது கதை, அதனால் இந்த இரட்டைக் கையுறை யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எங்களுடையது முன்சக்கரம் இழுக்கும் வண்டி, ஆகவே முன்சக்கரங்களுக்குத்தான் செயின். பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டு ஏன் வழுக்குகிறது என்று கேட்டவரையும் பார்த்திருக்கிறேன். சங்கிலியைச் சிக்கெடுத்துத் தரையில் நீட்டி, வளையத்தை டயருக்குப் பின்னால் விட்டு, முதலில் உள்பக்க முனைகளை மேலே கோத்து, பிறகு வெளிப்பக்கக் கொக்கியை மாட்டி இழுத்தார். உள்பக்கம்தான் கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவித்தான் கோக்கவேண்டும். தலையில் கட்டும் டார்ச் ஒன்று இருந்தால் நல்லது, பட்டப்பகலிலும். மாட்டி முடித்ததும் நேராகக் கிளம்பிவிடாதீர்கள். நூறு அடி உருட்டி நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். அப்பா இறுக்கியபோது இரண்டு கண்ணி அளவுக்குத் தளர்ந்திருந்தது.

செயினோடு 25 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. பின்னால் வருபவன் ஒட்டிக்கொண்டு வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள், அவன் போகட்டும். பாலங்களும், மலை நிழல் விழும் வளைவுகளும் மற்ற இடத்துக்கு முன்னால் உறையும். ஈரமாகப் பளபளக்கும் தார் உண்மையில் கண்ணாடி மாதிரி ஒரு பனிப்படலமாக இருக்கலாம். அதன் மேல் திடீர் பிரேக்கும் வேண்டாம், திடீர் ஸ்டியரிங்கும் வேண்டாம். டனல் வ்யூ என்ற காட்சிமுனையிலிருந்து இறங்கும்போது நான் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வந்தேன். பின்சீட்டிலிருந்து, “ஏறுன கியர்லதான் எறங்கோணும், அம்மிணி. பிரேக்கு கடைசிக்குத்தான்,” என்றார் அப்பா. ஆட்டோமேட்டிக் வண்டியிலும் ‘எல்’ என்ற நிலையோ கையால் கியர் குறைக்கும் வசதியோ இருக்கும். எட்டு வருஷமாக அந்தக் கார் என்னிடம் இருக்கிறது, அதை அன்றைக்குத்தான் முதல் தடவை தொட்டேன். பனியில் எங்காவது சிக்கி எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க நேர்ந்தால், முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றிப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் நச்சுப்புகை காருக்குள் வரும்.

ஓட்டப் பயமாக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மெர்செட்டிலிருந்து மாரிபோசா வழியாக யார்ட்ஸ் என்ற பேருந்து 140-இல் வருஷம் முழுக்க ஓடுகிறது. டிக்கெட்டிலேயே பூங்கா நுழைவுக் கட்டணமும் அடக்கம். மெர்செட் வரை ஆம்ட்ராக் ரயிலிலும் வரலாம். இரண்டாம் நாள் ராத்திரிப் பனி பலமாகக் கொட்டியிருந்ததால் காரை மாரிபோசாவில் விட்டுவிட்டு அந்தப் பேருந்தில்தான் போனோம். அப்பா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை, டிரைவரின் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது அந்தப் பெண்ணிடம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அவருக்கு என்ன புரிந்ததோ, அவரும் காட்டினார்.

தங்குவதற்கு நான் சொல்வது மாரிபோசாதான். 2,000 அடி உயரம்கூட இல்லாததால் அங்கே பனி விழுவது அபூர்வம்; பள்ளத்தாக்கு ஒரு மணி நேரத் தூரம். பள்ளத்தாக்குக்குள்ளேயே தங்கினால் காலைக் காட்சி கிடைக்கும், பணமும் கூடுதலாகும். எங்கே தங்கினாலும் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற முன்பதிவாகப் பாருங்கள். 2023-இல் பிப்ரவரி 25 முதல் மார்ச் 17 வரை பனியால் பூங்காவையே மூடிவிட்டார்கள். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலான வாரத்தைத் தவிர்த்து, பொங்கலை ஒட்டி, வார நாளில் போனால் கூட்டம் இருக்காது.

இனி உடுப்பு. ஜனவரியில் பள்ளத்தாக்கில் பகலில் 8, 9 டிகிரி செல்சியஸ், இரவில் உறைநிலைக்கு ஓரிரு டிகிரி கீழே. தாங்கக்கூடிய குளிர்தான், நனையாமல் இருந்தால். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் உலராது. உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் கம்பளி, அதற்கும் மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு போதும். அம்மா இரண்டு நாளும் புடவைதான் என்று பிடிவாதமாக இருந்தார். முதல் நாள் கொசுவம் முழங்கால் வரை ஈரமானதும் என் பனிக் கால்சட்டைக்கு மாறினார். நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடிகாலையில் தலையில் இறங்குவது, துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. அந்த நினைப்பில்தான் அப்பாவும் ஊட்டியில் வாங்கிய மங்கி குல்லாவோடு வந்திருந்தார். சொல்லப்போனால் எங்கள் எல்லாரையும்விட அவர் காதுதான் சூடாக இருந்தது.

செருப்புக் கடையில் செலவு செய்ய ஒரே ஒரு பொருள் என்றால், காலணிக்கு அடியில் ரப்பரோடு இழுத்து மாட்டும் மைக்ரோஸ்பைக்ஸ். புதுப் பனியில் யாரும் வழுக்கி விழுவதில்லை. பத்துப் பேர் மிதித்து, ராத்திரி உறைந்து, காலையில் பாறையாகக் கிடக்கும் நடைபாதையில்தான் விழுகிறார்கள். கீழ் யோசெமிட்டி அருவிக்குப் போகும் பாதை ஒரு மைல் சுற்றுதான், சமதளம்தான். ஆனால் அங்கேதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்று பேரைப் பார்த்தோம்.

பள்ளத்தாக்கின் தெற்கு ஓரம் குளிர்காலம் முழுக்க மலை நிழலிலேயே கிடக்கும். கரி வில்லேஜ் என்ற தங்குமிடம் அந்தப் பக்கம்தான். சூரியன் வேண்டுமென்றால் வடக்கு ஓரத்துக்கு, அருவிப் பக்கம் வாருங்கள். காலை எட்டு மணிக்குள் அருவி தெரிகிற புல்வெளியில் நின்றுவிடுங்கள் என்பது என் முக்கியமான சிபாரிசு. யோசெமிட்டி அருவி மொத்தம் 2,425 அடி. ராத்திரியில் மேலருவியின் சாரல் இருபுறப் பாறையிலும் வெள்ளைத் தகடாக உறைந்து ஒட்டியிருக்கும், அருவியின் அடியில் பனிக் கூம்பு ஒன்று குவிந்திருக்கும். வெயில் பாறையைத் தொட்டதும் அந்தத் தகடுகள் பெயர்ந்து விழும். முதலில் ஒரு தகடு நழுவுவது மட்டும் தெரியும், சத்தமே இருக்காது. அம்மா, “என்னமோ விழுதே,” என்று சொல்லி முடித்த பிறகுதான் அந்த இடி வந்து சேர்ந்தது. அப்புறம் அரை மணி நேரம் விட்டு விட்டு இடித்துக்கொண்டே இருந்தது. பார்க்கிங்கில் இருந்தவர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

மற்ற இடங்களுக்கு ஓரிரு வரி போதும். ஹாஃப் டோம் பாறையைப் பார்க்க சென்டினல் பாலம். மொத்தப் பள்ளத்தாக்கையும் ஒரே பார்வையில் பார்க்க டனல் வ்யூ. புயல் கலைந்த மறுநாள் காலைதான் அதற்கு நேரம். மிஸ்ட் ட்ரெயில் என்ற நடைபாதையின் படிகளை உறைபனிக்காக மூடிவிடுவார்கள். அந்தத் தடுப்பைத் தாண்டிப் போகிறவர்களைப் பின்தொடராதீர்கள். க்ளேசியர் பாயின்ட் சாலையில் பேட்ஜர் பாஸ் வரைதான் பனி அள்ளுவார்கள். 1935-இலிருந்து அங்கே பனிச்சறுக்கு நடக்கிறது. பழகுபவர்களுக்கு ஏற்ற சரிவுகள், குழந்தைகளுக்கும் பிடிக்கும். சறுக்கத் தெரியாதவர்கள் பனிக்காலணி வாங்கி மாட்டிக்கொண்டு நடக்கலாம். ஆனால் அது 7,200 அடி, செயின் கட்டாயமாகும் வாய்ப்பு அதிகம். பள்ளத்தாக்குக்குள் சுற்ற இலவசப் பேருந்து உண்டு, காரை ஒரே இடத்தில் விட்டுவிடுங்கள்.

பிப்ரவரி நடுவிலிருந்து கடைசி வரை எல் கேப்பிட்டன் பாறையின் கிழக்கு விளிம்பில் ஹார்ஸ்டெயில் அருவி, சூரியன் மறையும் முன் சில நிமிஷம் நெருப்பாக ஒளிரும். அருவியில் தண்ணீர் இருக்கவேண்டும், மேற்கு வானம் திறந்திருக்கவேண்டும்; இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஒன்றும் தெரியாது. நாங்கள் இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் மேகத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். காரை அருவிப் பக்கம் நிறுத்திவிட்டு ஒன்றரை மைல் நடக்கவேண்டும், திரும்புவது இருட்டில். வயதானவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் இதற்காக என்றே பயணம் போடாதீர்கள்.

சாப்பாடு கையோடு. உள்ளே கடை இருக்கிறது, ஆனால் சைவக்காரர்களுக்கு இரண்டு நாளில் சலித்துவிடும். புளிசாதம் குளிரில் விறைத்தாலும் தின்ன முடிகிறது, தயிர்சாதம் வேண்டாம். பெரிய ஃப்ளாஸ்க் நிறைய மிளகு ரசம் கொண்டுபோனோம். அருவிக்கு எதிரே பெஞ்சில் பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்து டம்ளர் டம்ளராகக் குடித்தோம். அம்மாவின் கைப்பையில் இருந்த தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்திருந்தது, உதட்டு வெடிப்புக்கு வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தங்கினால் காரில் உணவு வைக்கக் கூடாது, காலி டப்பாகூட வேண்டாம். குளிர்காலத்திலும் கரடி எழுந்து வரும். பெட்ரோலை மாரிபோசாவிலேயே நிரப்பிவிடுங்கள், பள்ளத்தாக்குக்குள் பங்க் கிடையாது. மின்சாரக் கார் என்றால் மெர்செட்டில் முழுசாக ஏற்றிக்கொள்ளுங்கள். குளிரில் திரையில் காட்டும் தூரத்தை நம்ப முடியாது.

ஜனவரியில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பகலில் உருகிய தண்ணீர் அதற்கப்புறம் சாலையிலேயே உறையத் தொடங்கும். மூன்று மணிக்குக் காருக்குள் இருக்கவேண்டும் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். அம்மா இன்னொரு போட்டோ என்று நின்றபோது அப்பாதான் விசிலடித்தார், கண்டக்டர் மாதிரி இரண்டு தடவை.

பனி இல்லாத தார் வந்ததும் ஓரமாக நிறுத்திச் செயினைக் கழற்றிவிடுங்கள். வெறும் சாலையில் ஓட்டினால் சங்கிலியும் தேயும், டயரும் கெடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி வெந்நீரில் முக்கி, மண் போக அலசி, காயவைத்த பிறகே பையில் போடுங்கள். எங்களுடையதை அப்பா துணி காயப்போடும் ஸ்டாண்டில் தொங்கவிட்டார். இரண்டு நாள் ஹாலில் தொங்கியது. ஒரு கொக்கி லேசாக வளைந்திருந்ததைக் கண்டுபிடித்து, இடுக்கியால் நிமிர்த்தித்தான் பையில் வைத்தார்.